40 டிராயிங்... ஒரே கிளிக்! ஆட்டோகேடில் மொத்தமாக பிரிண்ட் எடுப்பது எப்படி?

கட்டுமான அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கும் காட்சிதான் இது. சப்மிஷனுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. மொத்தம் 40 ஷீட். ஒவ்வொன்றாகத் திறந்து, கன்ட்ரோல் பி அழுத்தி, பிளாட்டர், பேப்பர் அளவு, ஸ்கேல் எல்லாம் பார்த்து ஓகே கொடுக்க ஒரு ஷீட்டுக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் 80 நிமிடம் ஆகும். நேரம் போவதுகூடப் பெரிய விஷயமில்லை. அவசரத்தில் கை தவறுவதுதான் ஆபத்து.

எப்படி? ஏ1 தாள் 594 x 841 மி.மீ. ஏ3 என்பது 297 x 420. அதாவது நீளமும் அகலமும் பாதிதான். ஏ1-க்கு 1:100 அளவில் அமைத்த ஒரு ஷீட்டை, 'ஃபிட் டு பேப்பர்' போட்டு ஏ3-ல் எடுத்தால் உண்மையான ஸ்கேல் 1:200 ஆகிவிடும். ஆனால் டைட்டில் பிளாக்கில் 1:100 என்றே அச்சாகியிருக்கும். சைட்டில் ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு 3 மீட்டர் அறை ஒன்றரை மீட்டராகத் தெரியும். 'எழுதியுள்ள அளவை மட்டும் பின்பற்றவும்' என்று டிராயிங்குகளில் குறிப்பு போடுவது சும்மா இல்லை.

இந்தத் தலைவலிக்கு ஆட்டோகேடிலேயே மருந்து இருக்கிறது. 'பப்ளிஷ்' என்ற கட்டளை. பல வருடம் ஆட்டோகேடில் வேலை பார்த்தும் இதைத் தொடாதவர்கள் உண்டு!

முதலில் பேஜ் செட்டப்

பப்ளிஷ் ஒழுங்காக வேலை செய்ய, ஷீட்டுகள் லேஅவுட் டேபில் இருக்க வேண்டும். பிளாட்டர், பேப்பர் அளவு, ஸ்கேல், கோடுகளின் தடிமனைத் தீர்மானிக்கும் சி.டி.பி. ஃபைல் ஆகியவற்றை ஒரே ஒரு முறை அமைத்து, அதற்கு ஒரு பெயர் கொடுத்து பேஜ் செட்டப்பாக சேமிக்க வேண்டும். மற்ற ஃபைல்களுக்கு அதை இம்போர்ட் செய்துகொள்ளலாம். மறுபடி மறுபடி அமைக்கும் வேலை இல்லை.

சி.டி.பி. ஃபைல் எல்லா கம்ப்யூட்டரிலும் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அது இல்லாத கம்ப்யூட்டரில், கருப்பில் வரவேண்டிய கோடுகள் சிவப்பும் மஞ்சளுமாக வந்து நிற்கும்.

பப்ளிஷ் செய்யும் முறை

எல்லா ஃபைல்களையும் சேவ் செய்துவிட்டு, கட்டளை வரியில் பப்ளிஷ் என்று டைப் செய்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் வேண்டிய ஃபைல்களைச் சேர்த்தால், அவற்றின் லேஅவுட்கள் வரிசையாக வந்து உட்காரும். கூடவே மாடல் டேபும் வரும். பெரும்பாலும் அது தேவைப்படாது, நீக்கிவிடலாம். வரிசையை மேலே கீழே நகர்த்தலாம். எல்லா ஷீட்டுகளையும் மொத்தமாகத் தேர்வு செய்து ஒரே பேஜ் செட்டப்பைக் கொடுக்கலாம். பிளாட்டருக்கு அனுப்புவதா, பி.டி.எஃப். ஆக்குவதா என்று சொல்லிவிட்டால் போதும். 40 ஷீட்டையும் ஒரே பி.டி.எஃப். ஃபைலாகவும் எடுக்கலாம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. மாடல் ஸ்பேஸிலேயே பத்துப் பதினைந்து பார்டர் போட்டு எல்லா ஷீட்டையும் வரைந்து வைக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. பப்ளிஷ் டேபைத்தான் பார்க்கும், பார்டரைப் பார்க்காது. அப்படிப்பட்ட ஃபைல்களுக்கு லிஸ்ப் புரோகிராம்கள்தான் கைகொடுக்கும். ஆட்டோகேட் எல்.டி. பயன்படுத்துபவர்களுக்கு 2024 பதிப்பில்தான் அந்த வசதியே வந்தது. நேரம் கிடைக்கும்போது லேஅவுட்டுக்கு மாறிவிடுவது எவ்வளவோ மேல்.

பழைய லிஸ்ட், பழைய ரிவிஷன்

தயார் செய்த பட்டியலை டி.எஸ்.டி. ஃபைலாக சேமித்து வைத்தால், அடுத்த முறை அதை லோடு செய்தாலே போதும். வசதிதான், ஆனால் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். ஃபைலின் பெயரையும் அது இருக்கும் ஃபோல்டரையும் சேர்த்தே அந்தப் பட்டியல் நினைவில் வைத்திருக்கும். ரிவிஷன் பி-யை வேறு பெயரில் சேமித்திருந்தால், பட்டியல் இன்னமும் ரிவிஷன் ஏ-யைத்தான் எடுக்கும். ஃபைல் அங்கேயே இருப்பதால் எந்த எர்ரரும் வராது, பி.டி.எஃப். அழகாக வரும். "எல்லாம் அனுப்பியாச்சு சார்" என்று சொன்ன பிறகு, நீக்கப்பட்ட தூணுக்கு சைட்டில் குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய புராஜெக்ட் என்றால் ஷீட் செட் மேனேஜர் நல்ல வழி. ஷீட் எண், தலைப்பு, வரிசை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே மொத்தமாக பப்ளிஷ் செய்யலாம். அமைக்க ஒருநாள் மெனக்கெட வேண்டும். அஞ்சாறு ஷீட் வேலைக்கு அது அதிகம்.

பப்ளிஷ் முடிந்ததும் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு அறிவிப்பு வரும். பலர் அதை மூடிவிடுவார்கள். அதைக் கிளிக் செய்து பார்த்தால், எந்த ஷீட் வந்தது, எது நின்றுபோனது என்ற விவரம் இருக்கும். 40-க்கு 39 மட்டும் வந்திருந்தால், விடுபட்டது எது என்று கவரில் போடும் முன்பே தெரிந்துவிடும்.