விமர்சனத்துக்கு அனுமதிச் சீட்டு எதற்கு?

2023 செப்டம்பரில் ஜப்பானின் செந்தாய் நகரில் ஒரு நீதிமன்றம், கேம் வீடியோ போட்டுச் சம்பாதித்த ஒருவருக்கு இரண்டு ஆண்டுச் சிறையும் பத்து லட்சம் யென் அபராதமும் விதித்தது. சிறைத் தண்டனை ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கதையை நம்பி நிற்கும் ஒரு கேமை இறுதிக் காட்சி வரை ஆடிப் பதிவேற்றி விளம்பர வருமானம் பார்த்தார், அனிமே தொடர்களையும் சுருக்கி வெளியிட்டார் என்பது வழக்கு. அவர் செய்ததற்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. கதையின் முடிச்சைக் காசுக்கு அவிழ்த்துக் காட்டினால், அந்தக் கேமைக் காசு கொடுத்து வாங்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ஆனால், தீர்ப்பைச் சுற்றி எழுந்த பேச்செல்லாம் கேம் வீடியோவில் இனி சம்பாதிக்கலாமா கூடாதா என்பதோடு முடிந்துபோனது. சம்பாதிக்க விடுவதும் தடுப்பதும் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். கேமை உருவாக்கிய நிறுவனத்தின் கையிலேயே அந்தப் பிடி முழுவதும் இருந்தால், அந்தக் கேம் மோசம் என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

காட்சி யாருக்குச் சொந்தம் என்பதில் நீதிமன்றங்கள் அதிகம் தடுமாறியதில்லை. 'ஸ்கிராம்பிள்' என்ற ஆர்கேடு கேம் குறித்த வழக்கில், ஆடுபவரின் கையைப் பொறுத்துத் திரை மாறினாலும் அந்தக் காட்சியும் ஒலியும் பதிப்புரிமைக்கு உட்பட்டவையே என்று 1982-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லிவிட்டது. சதுரங்கத்தில் நிலைமை வேறு. 2016-இல் நியூயார்க்கில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தபோது, காய் நகர்த்தல்களை மற்ற இணையதளங்கள் உடனுக்குடன் வெளியிடக் கூடாது என்று அமைப்பாளர்கள் தடை கேட்டார்கள், நீதிமன்றம் தரவில்லை. நகர்த்தல் என்பது தகவல். அதற்கு உரிமையாளர் கிடையாது. வீடியோ கேமிலோ பலகை, காய், இசை, வசனம் எல்லாமே படைப்பு. ஆட்டத்தை மட்டும் தனியே பிரித்துக் காட்ட வழியில்லை. அதனால் கேமிங் சேனல்களின் பிழைப்பு, நிறுவனங்கள் தாமாக வெளியிடும் அனுமதி விதிகளில் தொங்குகிறது. உலகப் புகழ்பெற்ற ஒரு ஜப்பானிய நிறுவனம் 2013-இல் தன் கேம்கள் இடம்பெறும் வீடியோக்களின் விளம்பர வருமானத்துக்கு உரிமை கோரத் தொடங்கியது. 2015-இல் பதிவு செய்துகொண்ட சேனல்களுக்கு 60 முதல் 70 சதவீதம் வரை பங்கு தர முன்வந்தது. 2018 இறுதியில் அந்தத் திட்டத்தையும் மூடிவிட்டு, சொந்த வர்ணனையோடு வரும் வீடியோக்களில் நீங்களே சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்றது. நல்ல முடிவுதான். ஆனால், இந்த மூன்று மாற்றங்களில் எதற்கும் சட்டத்திருத்தம் தேவைப்படவில்லை. நிறுவனத்தின் மனம் மாறியதே போதுமானதாக இருந்தது. மாறிய மனம் மறுபடியும் மாறலாம்.

இந்த நிலையில் முதலில் அடிவாங்குவது விமர்சனம். 2013 அக்டோபரில் ஒரு கேமைக் கடுமையாகச் சாடிய விமர்சன வீடியோ, காப்பிரைட் புகாரால் இறக்கப்பட்டது. எங்கள் கேமின் காட்சியை வைத்து விளம்பர வருமானம் பார்க்க அவருக்கு உரிமை கிடையாது என்பது தயாரித்தவர்கள் சொன்ன காரணம். ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகே புகார் திரும்பப் பெறப்பட்டது. அந்த விமர்சகர் பிரபலமானவர் என்பதால் கூட்டம் திரண்டது. ஆயிரம் பேர் பார்க்கும் சேனலுக்கு யார் திரள்வார்கள்? 2024 மே மாதம் இன்னொரு முறை கையாளப்பட்டது. வெளிவரவிருந்த ஒரு சூப்பர்ஹீரோ கேமின் முன்னோட்டப் பதிப்பை ஆடிக் காட்ட வந்தவர்களிடம் நீட்டப்பட்ட ஒப்பந்தத்தில், கேமை இழிவாகப் பேசக் கூடாது, எதிர்மறை விமர்சனம் கூடாது என்று நிபந்தனை இருந்தது. விஷயம் வெளியே வந்து கண்டனம் எழுந்ததும் அந்த வாசகத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். புகாராக வந்தாலும் ஒப்பந்தமாக வந்தாலும் செய்தி ஒன்றுதான்: பாராட்டினால் பிழைப்பு நடக்கும். மாத வருமானம் இதில் இருப்பவர் யாரும் மிரட்டாமலேயே நாக்கை அடக்கிக்கொள்வார். அப்படிச் சொல்லாமல் விடப்பட்ட விமர்சனங்களுக்கு எந்தக் கணக்கும் இருக்காது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

நல்ல காரணத்துக்காகவும் இந்த அதிகாரம் பயன்பட்டிருக்கிறதே என்று கேட்கலாம். 2017 செப்டம்பரில், நேரலையில் இனவெறிச் சொல்லை உதிர்த்த ஒரு பிரபலத்தின் பழைய வீடியோவை, அதிலிருந்த கேமை உருவாக்கியவர்கள் காப்பிரைட் வழியாக இறக்க வைத்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால், இறக்கப்பட்ட வீடியோவில் அந்தச் சொல் இல்லை. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்திருந்த அனுமதியை அந்த ஒருவருக்கு மட்டும் அவர்கள் விலக்கிக்கொண்டார்கள். நல்லவர் கையில் இன்று இருக்கும் இந்த வசதி, விமர்சனத்தைச் சகிக்காதவர் கையிலும் அப்படியே இருக்கிறது. படைத்தவர்களின் இழப்பும் பொய்யில்லை. புற்றுநோயில் மகனைப் பறிகொடுத்த பெற்றோரின் கதையைச் சொன்ன ஒரு சிறிய கேமை உருவாக்கியவர்கள், லட்சக்கணக்கானோர் வீடியோவில் பார்த்தும் விற்பனை அதற்கேற்ப இல்லை என்று 2016-இல் வருந்தி எழுதினார்கள். கதையைக் காக்க எல்லை வகுப்பதில் தவறில்லை. 2017-இல் 'பெர்சோனா 5' கேமுக்கு, கதைக்குள் வரும் ஜூலை 7-ஐத் தாண்டி வீடியோ வேண்டாம் என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் அந்த எல்லையை நவம்பர் 19 வரை தளர்த்தினார்கள். எந்தக் காட்சி வரை காட்டலாம் என்பது பேசித் தீர்க்கக்கூடியது. அந்தக் காட்சியைப் பற்றி என்ன சொல்லலாம் என்பதில் நிறுவனத்துக்குப் பங்கே இருக்கக் கூடாது.

காசு வாங்கிச் செய்தால் அது விமர்சனமாகுமா என்பது இன்னொரு வாதம். காசு கொடுத்து வாங்கும் வார இதழில்தான் தலைமுறை தலைமுறையாகச் சினிமா விமர்சனம் வருகிறது. அதற்குத் தயாரிப்பாளரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. வணிக நோக்கம் இருப்பதாலேயே நியாயமான பயன்பாடு இல்லாமல் போய்விடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-இலேயே சொல்லியிருக்கிறது. நம் நாட்டுச் சட்டம்தான் இந்த இடத்தில் மங்கலாக நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமாகப் பயன்படுத்துவது மீறலாகாது என்கிறது. ஆனால், கணினி நிரலை அந்தச் சலுகையிலிருந்து ஒதுக்கிவிடுகிறது. வீடியோ கேம் நிரலும்தான், திரைக்காட்சியும்தான். தமிழில் வர்ணித்துக் கேம் ஆடும் ஓர் இளைஞர் இதில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதே பிரிவின்படி, உரிமையாளர் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால், நீதிமன்ற உத்தரவு வருவதற்காக வீடியோவை 21 நாள் வரை முடக்கி வைக்க வேண்டும். புதிய கேமைப் பற்றி மக்கள் தேடுவது முதல் சில நாட்களில்தான். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வரும் விமர்சனம், வாங்கி முடித்தவர்களுக்கு எந்த வகையில் உதவும்?

ஆடி, வர்ணித்து, குறை நிறை பேசும் வீடியோவுக்கு 52-ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு என்றும், விளம்பர வருமானம் வருவதால் அது பறிபோகாது என்றும் சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும். விமர்சனத்தை முடக்குவதற்காகவே பொய்ப் புகார் கொடுப்பவர், முடங்கிய நாட்களின் வருமானத்தை ஈடுகட்ட வேண்டும். முழுக் கதையையும் வர்ணனையின்றிக் கொட்டுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு தேவையில்லை. அவரைத் தடுக்க இருக்கிற சட்டமே போதும். பெரிய கேம் ஒன்றுக்கு மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் கொடுக்கும் ஒருவர், அது தேறுமா தேறாதா என்று யாருக்கும் பயப்படாத ஒரு குரலிடம் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் குரலை விற்பவரின் தயவில் விடக் கூடாது.