ஆக்செல் என்னும் பாய்ச்சல்

1882-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் நடைபெற்ற சர்வதேசச் சறுக்குப் போட்டியொன்றில், நார்வே தேசத்தவரான ஆக்செல் பால்சென் என்பவர், வேகப் பந்தயத்துக்கென்று அமைந்த நீண்ட பிளேடுகளையே காலில் பூட்டிக்கொண்டு வந்து, போகும் திசைக்கு முகங்கொடுத்தபடியே பனித்தளத்திலிருந்து எழும்பி, அந்தரத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, எழும்பிய காலுக்கு மாறான காலில், பின்னோக்கிச் சறுக்கியவாறு இறங்கிக் காட்டினார். அவருடைய பெயராலேயே இன்றளவும் வழங்கிவரும் அந்த ஆக்செல் பாய்ச்சல், ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் சறுக்குக் கலையைப் பயில்வோருக்கு ஒரு பெரிய பரீட்சையாகவே நிலைத்துவிட்டது. அக்கலையில் பிரதானமாக மதிக்கப்படும் பாய்ச்சல்கள் ஆறு. அவற்றுள் டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லுட்ஸ் என்ற ஐந்திலும் முதுகு முன்செல்லச் சறுக்கி வந்தே எழும்புகிறார்கள், அவ்வாறே இறங்குகிறார்கள். ஆக்செல் ஒன்றில் மாத்திரம் முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்கவேண்டியிருப்பதால், சுற்றின் கணக்கில் எப்போதும் ஓர் அரைச் சுற்று அதிகப்படியாக வந்து சேர்ந்துவிடுகிறது. ஒற்றை ஆக்செல் என்றால் ஒன்றரைச் சுற்று, இரட்டை என்றால் இரண்டரை, மும்மடி என்றால் மூன்றரை.

அரைச் சுற்றுத்தானே என்று அலட்சியமாக நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த அரைச் சுற்றுக்குப் பல மாதங்களை, சிலர் ஓராண்டுக்கு மேலாகவும், செலவிடுகிறார்கள். அது ஏன் என்பதை அறிய வேண்டுமானால், முதலில் அவர்கள் காலில் இருக்கும் கருவியைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

கணுக்கால் வரை இறுகப் பிடித்திருக்கும் விறைப்பான தோல் காலணியின் அடியில் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும் எஃகு பிளேடு, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கனமே உடையது. கத்தியைப்போல் அதற்கு ஒரே கூர் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதன் அடிப்பாகம் நீளவாட்டில் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கிறது. நாட்டு ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் அதன் இரண்டு ஓரங்கள் மட்டும் தரையில் படிவதுபோல, பிளேடிலும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர்களே பனியைத் தொடுகின்றன. உடலைச் சற்று ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கத்து விளிம்பு மட்டும் பனியில் பதிந்து, சறுக்குபவரை நேர்கோட்டில் விடாமல் வளைகோட்டில் கொண்டுபோகும். இதனோடு, பிளேடு முன்னும் பின்னும் மெல்ல மேல்நோக்கி வளைந்திருப்பதால், பாரத்தை முன்பாதத்துக்கு மாற்றிய மாத்திரத்தில் அது சுலபமாகத் திரும்பிக்கொடுக்கிறது. நுனியிலோ சிறு பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. லுட்ஸ், ஃபிளிப் போன்ற பாய்ச்சல்களில் ஓய்ந்திருக்கும் காலின் பற்களைப் பனியில் குத்தி, அதை ஊன்றுகோலாகக் கொண்டு எழும்புவார்கள். ஆக்செலுக்கு அந்தச் சகாயம் கிடையாது. வெளிவிளிம்பு ஒன்றையே நம்பி எழும்பவேண்டும்.

சறுக்குவோரில் பெரும்பாலோர் இடப்பக்கமாகச் சுழல்பவர்கள்; ஆகவே அவர்களையே உதாரணமாகக் கொள்வோம். வலக்காலின் பின்வெளி விளிம்பில் பின்னோக்கி வந்துகொண்டிருப்பவர், சட்டென்று உடலைத் திருப்பி, இடக்காலின் முன்வெளி விளிம்பில் அடியெடுத்து வைக்கிறார். அப்போது இடமுழங்கால் ஆழமாக மடிந்திருக்கும்; இரண்டு கைகளும் பின்னே தங்கியிருக்கும்; வலக்காலும் பின்னால் நீண்டிருக்கும். அடுத்த க்ஷணத்தில் கைகளும் வலக்காலும் ஏககாலத்தில் முன்னும் மேலுமாக வீசப்பட, மடிந்த முழங்கால் நிமிர, பிளேடு வளைகோட்டில் சற்றே வழுக்கித் திரும்பி, நுனிப்பற்களின் வழியாகப் பனியைவிட்டு நீங்குகிறது. எழுதிக் காட்டும்போது இது நீண்ட வாக்கியமாகிறது. நடக்கும்போது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

இறங்கும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் விதைக்கப்பட்டவையே என்பது இக்கலையின் ஆசிரியர்கள் ஏகோபித்துச் சொல்லும் விஷயம். பௌதிக சாஸ்திரமும் அதற்குச் சாட்சி கூறுகிறது. பிளேடு பனியில் பதிந்திருக்கும் வரையில்தான் சுழலும் வேகத்துக்குக் காரணமான உந்தத்தைத் தரையிலிருந்து பெறமுடியும். தரையை விட்டபின், காற்றின் சொற்பமான தடையை நீக்கிப் பார்த்தால், அந்தச் சுழற்சி உந்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ எந்த நிபுணராலும் ஆகாது. அவர் வசத்தில் எஞ்சியிருப்பது ஒன்றே: கைகளையும் கால்களையும் சுழல் அச்சை நோக்கி ஒடுக்கிக்கொண்டால் அதே உந்தம் அதிக வேகமாக வெளிப்படும், விரித்தால் வேகம் தணியும். ஆகவேதான் அந்தரத்தில் அவர்கள் முஷ்டிகளை மார்போடு சேர்த்து, கணுக்கால்களைப் பின்னிக்கொண்டு, ஒரு கம்பத்தைப்போல் நிமிர்ந்திருக்கிறார்கள்.

இன்னும் உயரமாக எழும்பினால் சாவகாசமாகச் சுழலலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் புவியீர்ப்பு இவ்விஷயத்தில் மிகவும் கருமித்தனமாக நடந்துகொள்கிறது. 50 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால் கிடைக்கும் அவகாசம் ஏறவும் இறங்கவும் சேர்த்து ஏறக்குறைய 0.64 வினாடி. அந்த அவகாசத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அதாவது, ஒற்றைக் காலால் உந்தி 2 மீட்டர் எழும்பவேண்டும். அது மனித சரீரத்துக்கு அசாத்தியம். ஆகையால் இரட்டை ஆக்செலுக்கும் மும்மடி ஆக்செலுக்கும் இடையே உயரத்தில் பெரிய வித்தியாசம் காணப்படுவதில்லை. வித்தியாசமெல்லாம் எத்தனை சீக்கிரமாக உடலை ஒடுக்கிக்கொள்கிறார்கள், எத்தனை இறுக்கமாக ஒடுக்கிக்கொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. மும்மடிக்கு வினாடிக்கு 5 சுற்றுக்குக் குறையாத வேகம் வேண்டியிருக்கிறது. நான்மடிக்கோ 7 சுற்றை நெருங்கவேண்டும்.

இந்த உண்மையை அரைகுறையாக உணர்ந்த மாணாக்கர்தான் அதிகமாக விழுகிறார். சுழல வேண்டுமே என்ற பதற்றத்தில், எழும்புவதற்கு முன்பே இடத்தோளை வெட்டித் திருப்பிவிடுகிறார். முழங்கால் நிமிர்ந்து முடியுமுன் கைகளைச் சுருட்டிக்கொள்கிறார். விளைவாக அச்சு சாய்ந்துவிடுகிறது. சாய்ந்த அச்சில் எத்தனை வேகமாகச் சுழன்றாலும், அவர் தம் பாதத்தின்மேல் இறங்காமல் பாதத்துக்குப் பக்கத்தில் இறங்குகிறார். முதலில் எழும்பு, பிறகு சுழல் என்ற உபதேசத்தை ஆசிரியர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதன் தாத்பரியம் இதுதான். அதோடு, இடக்காலால் எழும்பியவர் வலக்காலில் இறங்கவேண்டியிருப்பதால், அந்தரத்திலேயே உடலின் அச்சை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியாகவேண்டும் என்ற மற்றொரு சூக்ஷ்மமும் இருக்கிறது. இந்த மாற்றம் சித்திக்காதவர்களுக்கு, வேகமும் உயரமும் தாராளமாக இருந்தும், ஆக்செல் கைகூடுவதில்லை.

பயிற்சிமுறை இந்தக் கஷ்டங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்துச் சாதகம் செய்விக்கிறது. வால்ட்ஸ் ஜம்ப் என்னும் எளிய பாய்ச்சல், அதே முன்வெளி விளிம்பில் எழும்பி அரைச் சுற்றில் இறங்குவது. ஆக்செலின் எழுச்சியை அதில் கற்றுக்கொள்கிறார்கள். வலக்காலின் பின்வெளி விளிம்பில் நின்ற இடத்திலேயே சுழலும் பின்சுழற்சி மற்றொன்று. அந்தரத்தில் தேகம் இருக்கவேண்டிய நிலை அதில் பழக்கமாகிறது. பின்பு வால்ட்ஸ் ஜம்பில் தொடங்கிப் பின்சுழற்சியில் முடிக்கச் சொல்லி இரண்டையும் ஒட்டுகிறார்கள். பனித்தளத்துக்கு வெளியே வெறும் தரையில் சப்பாத்து அணிந்து குதிக்கும் அப்பியாசமும் தினமும் உண்டு. சில இடங்களில், இடுப்புக் கச்சையோடு இணைத்த கயிறு ஒரு நீண்ட கழியின் நுனியிலிருந்து தொங்க, அந்தக் கழியைப் பிடித்தபடி ஆசிரியரும் கூடவே சறுக்கிவந்து, மாணாக்கர் எழும்பும் சமயம் பார்த்துத் தூக்கிவிடுகிறார். விழுவோம் என்ற பீதி நீங்கிய நிலையில் சுழற்சியின் உணர்வு உடலுக்குத் தெரியட்டும் என்பதே இதன் நோக்கம். விழவும் முறையாகக் கற்பிக்கிறார்கள். கையை ஊன்றாமல், மோவாயை மார்போடு ஒடுக்கி, தொடையின் பக்கவாட்டில் வழுக்கிப் போய்விடவேண்டும். பஞ்சுத் திணிப்புள்ள அரைக்கால்சட்டையை உடைக்குள் அணிந்துகொள்வதும் வழக்கம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி இறக்கம். முதலில் நுனிப்பற்கள் பனியைத் தொடுகின்றன. உடனே பாரம் பிளேடின் முன்பாகத்துக்கும் அங்கிருந்து வெளிவிளிம்புக்கும் உருண்டு வருகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூன்று மூட்டுகளும் வரிசையாக மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. உடலின் எடையைப்போல் 5 முதல் 8 மடங்கு வரையிலான விசை அந்த ஒற்றைக் காலில் தாக்குவதாகக் கணக்கிடுகிறார்கள். அதே வேளையில் கைகளை அகல விரித்து, இடக்காலைப் பின்னால் நீட்டி வீசினால்தான் சுழற்சியின் வேகம் தணிந்து, மிச்சமிருக்கும் ஓட்டம் பின்னோக்கிய நீண்ட வளைகோடாக மாறும். வினாடிக்கு 5 சுற்று என்ற வேகத்தில் கால் சுற்று என்பது வினாடியில் 20-இல் ஒரு பங்கு. கைகளை விரிப்பதில் அத்தனை சொற்ப நேரம் முந்தினாலும் பிந்தினாலும் போட்டியின் விதி தண்டித்துவிடும்.

விதியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். சுற்றில் கால் பாகத்துக்கு மேல் குறைந்தால் பாய்ச்சலின் அடிப்படை மதிப்பில் ஒரு பங்கு பிடித்தம். அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால், ஒரு சுற்றுக் குறைவான பாய்ச்சலாகவே அதைத் தாழ்த்திவிடுகிறார்கள். இதற்கெல்லாம் மேலாக, நிறைவேற்றிய விதத்துக்கு நடுவர்கள் கூட்டியும் குறைத்தும் மதிப்பளிக்கிறார்கள். விழுந்தால் தனியாக ஒரு மதிப்பெண் போய்விடும். 2018-இல் திருத்திய அட்டவணைப்படி மும்மடி ஆக்செலுக்கு 8 புள்ளிகளும் நான்மடிக்கு 12.5 புள்ளிகளும் நிர்ணயமாயின. மனிதர் இதுவரை செய்துள்ள பாய்ச்சல்களில் மிகக் கடினமானதற்கு இவ்வளவு குறைந்த வெகுமதியா என்று சிலர் முறையிட்டார்கள். அந்த முறையீட்டில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பால்சென் செய்த ஒற்றையிலிருந்து இரட்டைக்கு வர 66 ஆண்டுகள் பிடித்தன. 1948-இல் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டிக் பட்டன் என்ற 18 வயது இளைஞர் அதை நிகழ்த்தினார். போட்டிக்கு முந்திய நாள் பயிற்சியில்தான் முதன்முதலாக அது அவருக்குக் கைகூடியிருந்தது என்றால், அவருடைய துணிச்சலை என்னவென்று சொல்வது! 1978-இல் ஆட்டவாவில் நடந்த உலகப் போட்டியில் கனடாவின் வெர்ன் டெய்லர் மும்மடியைச் சாதித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1988-இல், ஜப்பானின் மிதோரி இதோ பெண்களில் முதல்வராக அதைச் செய்தார். 1992-இல் ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில், ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்தப் பாய்ச்சல் தவறிப்போக, களைப்பு மேலிட்ட பிற்பகுதியில் அதையே மீண்டும் முயன்று நிறைவேற்றி வெள்ளிப் பதக்கம் பெற்ற அவருடைய மனோதிடம், இக்கலையின் சரித்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி.

நான்மடி ஆக்செலைத் தம் வாழ்நாள் லட்சியமாகக் கொண்டவர் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற யுசுரு ஹன்யூ. 2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில், காயம்பட்ட கணுக்காலோடு அவர் அதை முயன்றார். சுழற்சி சற்றுக் குறைந்தது, இறங்கியதும் விழுந்தார், நான்காம் இடமே கிடைத்தது. ஆனாலும் போட்டியின் பதிவேட்டில் அது நான்மடி ஆக்செல் என்றே குறிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லேக் பிளாசிட் என்ற ஊரில், இல்யா மாலினின் என்ற 17 வயது அமெரிக்கச் சிறுவர் நாலரைச் சுற்றையும் முடித்து ஒற்றைக் காலில் சுத்தமாக இறங்கினார்.

தொலைக்காட்சியில் இப்போட்டிகளைக் காண நேரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுகளை எண்ண முயலாதீர்கள். கண்ணுக்கு அது பிடிபடாது. எழும்புமுன் முழங்கால் ஆழமாக மடிகிறதா, தோள் பொறுமையோடு காத்திருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியபின் வந்த வேகம் குன்றாமல் பின்னோக்கி ஓடுகிறதா, அல்லது முட்டி நின்று தத்தளிக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால், மதிப்பெண் பலகைக்காகக் காத்திராமல் தாராளமாகக் கைதட்டலாம்.