ஒக்டோபர் 30: நாம் பேசத் தயங்கும் நாள்

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் ஒலிபெருக்கி அறிவிப்பு: எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவும். வந்தவர்களிடம் விடுதலைப் புலிகள் சொன்னது, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான். போகிற வழியில் வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். உடுதுணியும் சில நூறு ரூபாயும் போக மற்றதெல்லாம் பறிபோனது. பெண்கள் சங்கிலியையும் காப்பையும் கழற்றினார்கள். குழந்தைகளின் தோடும் தப்பவில்லை.

அந்த மாதத்தில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். மன்னார்க் கரையோரத்தார் வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தின் ஓலைக்கொட்டில்களில் பிள்ளை பெற்று, அங்கேயே பேரப்பிள்ளையும் கண்டார்கள்.

இதைப் பேசினால், கிழக்கில் நடந்ததை மறந்துவிட்டாயா என்று கேட்பார்கள். மறக்கவில்லை. 1990 ஓகஸ்டில் வீரமுனையில் அடைக்கலம் தேடியிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவல் படையினர்மீது இன்றும் அந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது. அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் நீதி வேண்டும். ஆனால் சோனகத் தெருவில் தையல் மிஷின் மிதித்தவர் வீரமுனைக்கு எப்படிப் பொறுப்பாவார்?

2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில், வெளியேற்றம் தவறுதான் என்று புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். அடுத்த சில நாட்களில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் உடன்பாடு கண்டார்கள். ஒரு இனத்தையே வேரோடு பிடுங்கி எறிந்ததற்குத் தவறு என்ற சொல் போதாது. அது இனச்சுத்திகரிப்பு. தமிழ் அரசியல்வாதி சுமந்திரன் அப்படிச் சொன்னபோது தமிழர்களே அவர்மேல் பாய்ந்தார்கள். போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு நீதி கேட்கும் நம் குரல் இதனால் பலவீனப்படும் என்ற பயம் அதில் இருந்தது. அந்தப் பயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தன் படைகள் செய்ததை அரசு மறுக்கும்போது நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. நம் பெயரால் நடந்ததை நாமே மூடி மறைத்தால், அந்தக் கொதிப்பை யார் நம்புவார்கள்?

2009இல் போர் முடிந்த பிறகு வடக்குக்குத் திரும்பிய முஸ்லிம்களின் கதை வேறு வகையில் கசப்பானது. ஒரு குடும்பமாகப் போனவர்கள், பிள்ளைகள் கல்யாணம் கட்டி, நாலைந்து குடும்பமாக வந்தார்கள். காணி மட்டும் வளரவில்லை. மன்னார் முசலிப் பக்கத்தில், ஆள் இல்லாமல் காடு பிடித்துக் கிடந்த நிலங்களின் ஒரு பகுதி 2012 வர்த்தமானியில் ஒதுக்கக்காடாகிவிட்டது. பாட்டன் இருந்த மண்ணைத் துப்புரவாக்கியவர்களை, வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்று தெற்கில் தூற்றினார்கள். வடக்கிலோ, புத்தளத்தில்தான் உங்களுக்கு வீடு இருக்கிறதே என்ற பேச்சு.

காட்டு எல்லையைத் திருத்துவது கொழும்பின் வேலை. ஆனால் காணிக் கச்சேரி, வீட்டுத்திட்டப் பட்டியல், வாக்காளர் பதிவு எல்லாம் நடப்பது வடக்கின் அரச அலுவலகங்களில். அந்த மேசைகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள் தமிழர்கள். புத்தளத்தில் பிறந்த பிள்ளையும் வடக்கின் பிள்ளைதான் என்று பதிவேட்டில் எழுத அவர்கள் ஜெனீவா மனித உரிமைப் பேரவையின் தீர்மானத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.