கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்?

கோலா கங்சாரில், பேராக் ஆற்றங்கரையில் ஒரு ஜோடி திருமணப் படம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் கழித்து அதே படம் புகைப்படக்காரரின் விளம்பரத்தில் வருகிறது. "காசு கொடுத்தது நாங்கள். எங்களைக் கேட்காமல் எப்படிப் போடலாம்?" என்கிறார்கள் பெண் வீட்டார். "படம் எடுத்தது நான். உரிமை எனக்குத்தான்" என்கிறார் புகைப்படக்காரர். யார் சொல்வது சரி?

நம் நாட்டில் பெண் வீட்டார் சொல்வதற்கே சட்டம் துணை நிற்கிறது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, ஒரு படைப்பின் உரிமை முதலில் அதைப் படைத்தவருக்கே உரியது. ஆனால், ஒருவர் கேட்டு எடுக்கச் சொன்ன படமாக இருந்தால், அந்த உரிமை எடுக்கச் சொன்னவருக்கு மாறியதாகவே கருதப்படும். வேறு விதமாக இருவரும் ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டுமே இது மாறும். சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின்போது எடுக்கும் படம் முதலாளிக்குச் சேரும்.

பக்கத்து நாடான சிங்கப்பூரில் நிலைமை வேறு. 2021 நவம்பர் 21 முதல் அங்கு, காசு வாங்கி எடுத்த படமானாலும் உரிமை முதலில் புகைப்படக்காரருக்கே. சிங்கப்பூரில் திருமணம் வைக்கும் ஈப்போ, கோலா கங்சார் குடும்பங்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நம் ஊர்ப் புகைப்படக்காரருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. உரிமை கைமாறினாலும், 25ஆவது பிரிவு தரும் தார்மீக உரிமை அவரிடமே நிற்கும். அவர் சம்மதம் இல்லாமல் அவர் பெயரை மறைத்து வெளியிடுவதும், அவர் மதிப்பைக் கெடுக்கும் அளவுக்குப் படத்தைச் சிதைப்பதும் தவறு.

யாரும் கேட்காமல் அவராகவே எடுத்த படங்களோ முழுக்க அவருடையவை. 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட ஊர் கோலா கங்சார். அங்கு இன்றும் நிற்கும் பழைய ரப்பர் மரத்தை ஒருவர் அழகாகப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறார். உணவகம் ஒன்று அதை எடுத்துத் தன் மெனு அட்டையில் அச்சிட்டால், அது உரிமை மீறல். 'கூகிளில் கிடைத்தது' என்பது பதில் ஆகாது. உரிமத்தை எழுத்தில் வாங்க வேண்டும். வழக்கு என்று போனால், நீதிமன்றம் ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை சட்டப்படியான இழப்பீடு விதிக்கலாம்.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. படம் எடுத்ததுமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆதாரம் வேண்டும் என்று நினைப்பவர்கள் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பத்தின்பேரில் அறிவித்து வைக்கலாம்.

முன்பணம் கட்டும் அன்றே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. உரிமை யாருக்கு? புகைப்படக்காரர் தன் விளம்பரத்துக்கு எந்தப் படங்களைப் பயன்படுத்தலாம், எவ்வளவு காலத்துக்கு? குழந்தைகள் இருக்கும் படங்களைப் போடலாமா? திருத்தப்படாத மூலக் கோப்புகள் கிடைக்குமா? உரிமை வேறு, கோப்பு வேறு என்பதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

புகைப்படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட இளைஞர்களுக்கு இந்த ஒரு பக்கம் இன்னும் முக்கியம். எழுதாமல் விட்டால், உங்கள் சிறந்த படங்களையே உங்கள் ஆல்பத்தில் காட்ட இன்னொருவர் அனுமதியைக் கேட்க வேண்டி வரும்.