ஆழ்கடலில் டவர் இல்லை; வேறு என்ன வழி? படகுக்கு ஏற்ற சாட்டிலைட் கருவியும் பிளானும் தேர்வு செய்வது எப்படி

துறைமுகத்தை விட்டுப் படகு கிளம்பிய ஒரு மணி நேரத்தில் உங்கள் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் 'நெட்வொர்க் இல்லை' என்று காட்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் நாட்டுப்படகுக்கு இது சில மணி நேரத் துண்டிப்புதான். தூத்தூர், சின்னத்துறை, இரையுமன்துறை பகுதிகளிலிருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று தங்கல் மீன்பிடிக்குப் போகும் படகுகளுக்கோ கரையுடனான தொடர்பே அறுந்துவிடுகிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கு அருகே கடந்து சென்றபோது நடந்ததை யாரும் மறக்கவில்லை. புயல் உருவாகும் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்தத் தூரத்தில் இருந்தவர்களுக்கு வானொலியும் கைப்பேசியும் பயன்படவில்லை. அதற்குப் பிறகுதான் 'படகில் என்ன தொடர்புக் கருவி இருக்கு?' என்ற கேள்வி மீனவர் வீடுகளில் முக்கியமான கேள்வியாக மாறியது.

இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எது எதற்கு, எது சட்டப்படி செல்லும், மாதம் எவ்வளவு செலவாகும் என்பதில்தான் குழப்பம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணம்

"என் போன்லதான் ஜி.பி.எஸ். இருக்கே, நான் எங்க இருக்கேன்னு கரைக்குத் தெரியாதா?" என்று பலர் கேட்கிறார்கள். தெரியாது. ஜி.பி.எஸ். என்பது வாங்கும் கருவி, அனுப்பும் கருவி அல்ல. செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேர சமிக்ஞையை வாங்கி, உங்கள் இருப்பிடத்தை உங்களுக்கு மட்டும் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்த இருப்பிடம் கரைக்குப் போக வேண்டுமானால், அதை அனுப்ப இன்னொரு கருவி வேண்டும்.

அதேபோல, சில புதிய கைப்பேசிகளில் 'சாட்டிலைட் அவசர அழைப்பு' வசதி இருப்பதாக விளம்பரம் வருகிறது. இந்த வசதி ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி அனுமதியுடன் இயங்குவது. போனில் வசதி இருப்பது வேறு, நம் கடலில் சேவை கிடைப்பது வேறு. அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள்.

கருவிகள் என்னென்ன?

1. வி.எச்.எஃப். வயர்லெஸ்

இது சாட்டிலைட் கருவி இல்லை. ஆனாலும் எல்லாப் படகிலும் முதலில் இருக்க வேண்டியது இதுதான். கட்டணம் கிடையாது, ஒருவர் பேசினால் சுற்றியுள்ள எல்லாப் படகும் கேட்கும். அவசரத்துக்கான சேனல் 16. இந்த அலை நேர்க்கோட்டில்தான் போகும். அதனால் ஆன்டெனா எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம். இரண்டு படகுகளிலும் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் சுமார் 14 கடல் மைல் வரை கேட்கும். கையடக்க செட்டுக்கு அதைவிட மிகக் குறைவு. குழுவாகப் போகும் படகுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கடத்த இது போதும். தனியாகத் தூரம் போனால் போதாது.

2. அபாய அறிவிப்புக் கருவி (டாட்)

இஸ்ரோ உருவாக்கிய இந்தக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால், செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். அங்கே எந்தப் படகு, எந்த இடம் என்று கண்டறிந்து, இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குத் தகவல் தருவார்கள். மாதக் கட்டணம் கிடையாது.

பழைய கருவியில் ஒரு குறை இருந்தது. பொத்தானை அழுத்திய பிறகு, 'செய்தி போய்ச் சேர்ந்ததா?' என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. 2024-ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி இதைச் சரிசெய்தது. கரையிலிருந்து 'கிடைத்துவிட்டது' என்ற பதில் வரும். புயல், சுனாமி எச்சரிக்கையும் மீன்வளப் பகுதித் தகவலும் வரும். புளூடூத் மூலம் கைப்பேசியில் இணைத்து, செயலியில் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

3. டிரான்ஸ்பாண்டர்

மத்திய அரசின் படகுத் தொடர்பு மற்றும் ஆதரவுத் திட்டத்தின் கீழ், 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் உள்ள விசைப்படகுகளுக்கும் இயந்திரம் பொருத்திய படகுகளுக்கும் 1 லட்சம் டிரான்ஸ்பாண்டர்களைப் படிப்படியாக இலவசமாகப் பொருத்தும் பணி 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இதில் இருவழிக் குறுஞ்செய்தி உண்டு. இங்கிருந்தும் அனுப்பலாம், கரையிலிருந்தும் வரும். சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். ராமேசுவரம், நாகப்பட்டினம் பகுதிப் படகுகளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

4. ஜெமினி

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனமும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து 2019-ல் வெளியிட்டது. ககன் செயற்கைக்கோள் வழியாக வானிலை எச்சரிக்கையும் மீன்வளப் பகுதித் தகவலும் கைப்பேசிக்கு வரும். ஆனால் இது ஒருவழி. நீங்கள் எதையும் அனுப்ப முடியாது. எச்சரிக்கை கேட்க நல்லது, உதவி கேட்க உதவாது.

5. சாட்டிலைட் போன்

பி.எஸ்.என்.எல். 2017 முதல் இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியாக இந்தச் சேவையைத் தருகிறது. டவர் இல்லாத நடுக்கடலிலிருந்து வீட்டுக்கு நேரடியாகப் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதனால் போனின் ஆன்டெனாவைத் திறந்த வானத்தை நோக்கி விரிக்க வேண்டும். வீல்ஹவுசுக்குள் இருந்து பேசினால் சிக்னல் கிடைக்காது. பேசும்போது சிறு தாமதம் இருக்கும். ஒருவர் முடித்த பிறகு மற்றவர் பேசினால் குழப்பம் வராது.

6. இபெர்ப்

படகு மூழ்கும்போது கடைசியாகக் கைகொடுப்பது. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உலகளாவிய கோஸ்பாஸ்-சார்சாட் அமைப்புக்கு அபாய சமிக்ஞை அனுப்பும். தானாகப் பிரியும் தாங்கியில் பொருத்திய வகை, படகு மூழ்கினாலும் நீரழுத்தத்தில் விடுபட்டு மிதந்து சமிக்ஞை அனுப்பும். மாதக் கட்டணம் இல்லை. ஆனால் படகின் பெயரிலும் உங்கள் தொடர்பு எண்ணிலும் பதிவு செய்திருக்க வேண்டும். வேறொருவரிடம் இருந்து பழையதை வாங்கினால் பதிவை மாற்றாமல் விடாதீர்கள்.

வளைகுடாவிலிருந்து போன் கொண்டு வரலாமா?

கூடாது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் அன்பாக வாங்கி வரும் பொருள் உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். துராயா, இரிடியம் சாட்டிலைட் போன்களைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். கார்மின் இன்ரீச் போன்ற சிறிய செய்திக் கருவிகளும் இரிடியம் வழியாகவே இயங்குகின்றன, ஆகவே அவற்றுக்கும் இது பொருந்தும். நம் கடல் பகுதியில் இருந்து அப்படி ஒரு சமிக்ஞை எழுந்தால் பாதுகாப்பு அமைப்புகள் விசாரிக்கும். 'சாதாரணமா வீட்டுக்குத்தான் பேசினேன்' என்ற பதில் அங்கே எடுபடாது.

வாங்கும்போது ரசீது, உங்கள் பெயரில் இணைப்பு ஆவணம் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் நகலைப் படகிலும் வையுங்கள்.

பிளான் எடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

சாட்டிலைட் போனில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் ஓடும். சாதாரண ரீசார்ஜ் போல நினைத்துப் பேசினால் ஒரே வாரத்தில் பணம் கரைந்துவிடும். விற்பனையாளரிடம் இவற்றைக் கேளுங்கள்:

• மாத வாடகை எவ்வளவு? அதில் எத்தனை நிமிடம், எத்தனை குறுஞ்செய்தி அடங்கும்?
• அளவு தாண்டினால் என்ன கட்டணம்?
• மீதமுள்ள தொகை அடுத்த மாதத்துக்குச் சேருமா, காலாவதி ஆகுமா?
• கரையிலிருந்து படகுக்குக் கூப்பிட்டால் கட்டணம் யாருக்கு?
• மீன்பிடித் தடைக்காலத்தில் இணைப்பை நிறுத்தி வைக்க முடியுமா?

கடைசிக் கேள்வி முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் 61 நாட்கள் தடைக்காலம். அந்த இரண்டு மாத வாடகை மிச்சமானால் ஆண்டுச் செலவில் ஆறில் ஒரு பங்கு குறையும்.

டேட்டா வேண்டுமா?

'வாட்ஸ்அப் வருமா?' என்பதுதான் எல்லோரும் கேட்பது. கையில் பிடிக்கும் சாட்டிலைட் போனின் அடிப்படை டேட்டா வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட். வாட்ஸ்அப்பில் வரும் 150 கே.பி. படம் ஒன்றை அனுப்ப 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த 8 நிமிடத்துக்கும் காசு. அதே தகவலை ஒரு குறுஞ்செய்தியில் எழுதினால் சில நொடிதான்.

படகின் மேல் குவிமாடம் போல ஆன்டெனா பொருத்தும் கடல்சார் பிராட்பேண்ட் கருவிகளில் வேகம் நொடிக்கு 150 கிலோபிட் முதல் 432 கிலோபிட் வரை கிடைக்கும். அதற்கும் இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகவே இணைப்பு எடுக்க வேண்டும். விலையும் வாடகையும் அதிகம் என்பதால் பெரிய கப்பல்களுக்கே பெரும்பாலும் கட்டுப்படியாகும். பல படகுகளுக்கு உரிமையாளராக இருப்பவர் யோசிக்கலாம்.

டேட்டா எடுத்தால் ஒரு எச்சரிக்கை: வைஃபையில் இணைந்தவுடன் கைப்பேசி தானாகவே செயலிகளைப் புதுப்பிக்கும், படங்களை பேக்கப் எடுக்கும். நீங்கள் ஒரு செய்திகூட அனுப்பாமலே மாத டேட்டா தீர்ந்துவிடும். கரையை விட்டுக் கிளம்பும் முன்பே தானியங்கிப் புதுப்பிப்பு, பேக்கப், பின்னணி டேட்டா மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

சரி, எந்தப் படகுக்கு எது?

• காலையில் போய் மாலையில் திரும்பும் நாட்டுப்படகு: நீர் புகாத உறையில் கைப்பேசி, கையடக்க வி.எச்.எஃப்., ஒரு டாட் அல்லது டிரான்ஸ்பாண்டர்.

• இரண்டு மூன்று நாள் தங்கும் விசைப்படகு: பொருத்திய வி.எச்.எஃப்., டிரான்ஸ்பாண்டர். கூடுதலாக ஒரு கையடக்க வி.எச்.எஃப்.

• வாரக்கணக்கில் போகும் ஆழ்கடல் படகு: மேலே சொன்ன அனைத்தும், பி.எஸ்.என்.எல். சாட்டிலைட் போன் ஒன்று, முடிந்தால் இபெர்ப்.

ஒரே கருவியை மட்டும் நம்பக்கூடாது. 2018-ல் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் போட்டியில் தனியாகச் சென்ற இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். முதன்மை சாட்டிலைட் போன் பழுதாகிவிட்டது. இன்னொரு போன் அவசரப் பையில் இருந்தும் எட்டி எடுக்க முடியவில்லை. கைக்கு எட்டிய சிறிய குறுஞ்செய்திக் கருவிதான் வெளியுலகத்தோடு அவரை இணைத்தது. செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. நமக்கு இதில் இரண்டு பாடம்: வெவ்வேறு வகையில் இயங்கும் இரண்டு கருவிகள் வேண்டும், அவற்றில் ஒன்றாவது படுத்த இடத்திலிருந்தும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது?

டிரான்ஸ்பாண்டர், டாட் ஆகியவற்றுக்கு உங்கள் பகுதி மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகுங்கள். படகுப் பதிவுச் சான்றும் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். சாட்டிலைட் போனுக்குப் பி.எஸ்.என்.எல். அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் மானியம் ஏதும் நடைமுறையில் உள்ளதா என்று மீன்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் சரிபார்க்க

• எல்லா பேட்டரியும் முழு சார்ஜில் இருக்கிறதா? இபெர்ப் பேட்டரியின் காலாவதித் தேதி என்ன?
• கருவியை இயக்கத் தெரிந்தவர் ஓட்டுநர் ஒருவர் மட்டும்தானா? அவருக்கே அடிபட்டால்? குறைந்தது இரண்டு பேருக்குப் பழக்கிவிடுங்கள்.
• சோதனைக்காக அபாயப் பொத்தானை அழுத்தாதீர்கள். தவறுதலாக அழுத்திவிட்டால் உடனே தெரிவியுங்கள். மறைத்தால், உங்களைத் தேடிக் கப்பல் கிளம்பும். அதே நேரம் உண்மையான ஆபத்தில் இருப்பவர் காத்திருப்பார்.
• சேனல் 16-ல் உதவி கேட்டால் 'மேடே' என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், பதிவு எண், இருப்பிடம், ஆட்களின் எண்ணிக்கை, என்ன ஆபத்து ஆகியவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். இந்த வரிசையைத் தாளில் எழுதி செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

படகின் பதிவு எண், உடன் போகும் ஆட்களின் பெயர்கள், சாட்டிலைட் போன் எண், திரும்பும் தேதி இவற்றை உங்கள் கைப்பேசியில் குறித்து வையுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் மட்டும் போனை இயக்கினால் பேட்டரியும் காசும் மிச்சம். டி.என்.அலர்ட் செயலியில் புயல் எச்சரிக்கை வந்தால், 'அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்' என்று இருந்துவிடாதீர்கள். ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், பதில் வருகிறதா என்று பாருங்கள். சொன்ன நேரத்தில் தகவல் வராமல் போனால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 அல்லது தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணை அழையுங்கள். இரண்டையும் இப்போதே உங்கள் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.