உங்களுக்குத் தெரியுமா? முதலில் வந்தவரே தலைவர்

1970-இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் 13 நாள் பரவிய காட்டுத்தீயில் 16 பேர் மாண்டனர்; சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. உதவிக்கு வந்த ஒவ்வொரு துறையும் தன் சொல்வழக்கில், தன் வானொலி அலைவரிசையில் பேசியது. யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதே தெளிவாக இல்லை. அந்த வேதனையில் பிறந்த சம்பவக் கட்டளை முறையில் ஒருவருக்கு ஒரே மேலாளர். அவர் கீழ் 3 முதல் 7 பேர். களத்துக்கு முதலில் வரும் அலுவலரே தலைவர். மூத்த அதிகாரி வந்தாலும், நிலைமையைக் கேட்டறிந்து முறைப்படி பொறுப்பேற்கும்வரை கட்டளை கைமாறாது. பதவி மரியாதையில் ஊறிய நமக்கு இது உறுத்தலாம். ஆனால் புகைக்கு நடுவே இரண்டு உத்தரவுகள் கேட்டால் வீரர் எதற்குக் கீழ்ப்படிவார்?

ஒருவரிடமே அதிகாரம் குவிந்தால் மற்றவர்கள் உத்தரவுக்காகக் கைகட்டி நிற்க மாட்டார்களா என்பது நியாயமான கேள்வி. ஆனால் தலைவர் வகுப்பது இலக்கை மட்டுமே. அதை எட்டும் வழியைக் களப்பிரிவுகள் முடிவு செய்கின்றன. உயிராபத்து தெரிந்தால் பாதுகாப்பு அலுவலர் வேலையை அந்தக் கணமே நிறுத்தலாம், தலைவரின் அனுமதிக்குக் காத்திராமல். 2010-இல் இந்தியாவும் இந்த முறையைத் தழுவி வழிகாட்டி வெளியிட்டது. அதன்படி மாவட்டத்தில் பொறுப்பு ஆட்சியருடையது.