நீருக்கு வழி விடுவோம்

திருமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவார்கள். ரயில்வேயில் பாலம், தடுப்புச் சுவர் என்றே காலம் கழித்த நானோ, மலையோரச் சுவர்களில் உள்ள சிறு துளைகளை எண்ணுவேன். என் மனைவிக்கு இது வேடிக்கை. காரணம் இல்லாமல் இல்லை.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தடுப்புச் சுவருக்குப் பூச்சு நடந்தது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மேஸ்திரி துளைகளை எல்லாம் சிமெண்டால் அடைத்துவிட்டார். நானும் பேசாமல் இருந்தேன். அடுத்த மழையில் சுவர் வயிறு தள்ளி நின்றது. அந்தத் தவறு என்னுடையதும்தான்.

கொழுக்கட்டை மாவில் நீர் மிகுந்தால் துணியில் கட்டி, மேலே கனம் வைப்பார்கள். முதலில் அந்தப் பாரத்தை நீர்தான் தாங்கும். நீர் வடிய வடிய மாவு அமுங்கி இறுகும். அதையே பிளாஸ்டிக் பையில் கட்டினால்? எவ்வளவு கனம் வைத்தாலும் இறுகாது. கட்டடத்தின் கீழுள்ள களிமண்ணும் இப்படித்தான். இதை 1925-இல் கணக்காக எழுதிக் காட்டியவர் கார்ல் டெர்ஸாகி.

பாறைக்கும் இதில் பங்கு உண்டு. திருமலையின் குவார்ட்சைட் பாறை கடினமானது. ஆனால் வெடிப்புகள் நிறைந்தது. இடையிடையே மென்மையான களிப்பாறை அடுக்குகள் உண்டு. மழைநீர் வெடிப்பு வழியே இறங்கி அங்கே தேங்கும். களிப்பாறை ஊறி நெகிழும். தேங்கிய நீரின் அழுத்தம் மேல்பாறையின் பிடிப்பைக் குறைக்கும். பாரம் அதேதான், பிடிப்புத்தான் போயிற்று.

முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது. மேலே ஏறும் இரண்டாவது பாதையில், 2021 நவம்பரில் பெய்த பெருமழையை அடுத்து, டிசம்பர் 1 அதிகாலை பெரும்பாறைகள் உருண்டு விழுந்து சாலையை உடைத்தன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

கம்பிவலையும் சுவரும் வேண்டியவைதான். ஆனால் மேலே ஓடும் நீரை வாய்க்கால் கட்டித் திருப்பி, உள்ளே புகுந்த நீரைத் துளையிட்டு வடித்தால்தான் அவை நிற்கும்.

நம் வீட்டுச் சுற்றுச்சுவருக்கும் இதே விதி. மண்ணை அணைத்து நிற்கும் சுவரானால் அடுத்த மழைக்குமுன் ஒரு குச்சியை எடுத்துத் துளைகளைக் குத்திப் பாருங்கள். அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.